எட்டு டேபிள், முப்பது பிள்ளைகள்: ஓ.டி. டெக்னாலஜி கோர்ஸ் நடத்திய அனுபவம்

கோ-ஆர்டினேட்டர் என்று ஆர்டர் கையில் வந்த அன்று அதோடு சேர்ந்து வந்தவை ஒரு பீரோ சாவி, ஓரம் கிழிந்த சிலபஸ் ஜெராக்ஸ், முப்பது பெயர் கொண்ட அட்மிஷன் லிஸ்ட். பீரோவைத் திறந்தால் யாரோ விட்டுப்போன ரெக்கார்டு நோட்டுகளும் பல்ப் எரியாத ஒரு லாரிங்கோஸ்கோப்பும் இருந்தன. சென்னைக்கு வெளியே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதற்குச் சொந்தமான மருத்துவமனை, பெயர் வேண்டாம். படிப்பு பி.எஸ்ஸி. ஆபரேஷன் தியேட்டர் அண்டு அனஸ்தீசியா டெக்னாலஜி, மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். நான் பன்னிரண்டு வருடம் தியேட்டரில் டெக்னீஷியனாக நின்றவள், அப்புறம் எம்.எஸ்ஸி. முடித்து டியூட்டர் ஆனவள். தியேட்டர் தெரிந்தவளுக்குக் கோர்ஸ் நடத்துவது பெரிய விஷயமா என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு டைம்டேபிள் போட்டேன். காலையில் எல்லோரும் தியேட்டர், மதியம் கிளாஸ், கலர் கலராகக் கட்டம். அதை எடுத்துக்கொண்டு ஓ.டி. இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"எத்தனை பேரு?"

"முப்பது, சிஸ்டர்."

"டேபிள் எட்டு. அதுல ஒண்ணு செப்டிக், சீழ் புடிச்ச கேஸுக்கு மட்டும். பி.ஜி. டாக்டருங்க இருக்காங்க, எம்.பி.பி.எஸ். பிள்ளைங்க வராங்க, நர்சிங் பிள்ளைங்க வேற. உங்க முப்பது பேரையும் எங்க வைக்கப் போறீங்க, லைட்டுல தொங்க விடப்போறீங்களா?"

கோபம் வந்தது, ஆனால் கணக்கு அவர் பக்கம்தான். அன்றைக்குப் புரிந்தது, தியேட்டருக்கு டைம்டேபிள் நான் போடுவதில்லை. மறுநாள் எந்த டேபிளில் என்ன ஆபரேஷன் என்று முந்தின நாள் சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் ஓ.டி. லிஸ்ட்தான் டைம்டேபிள். அதற்கப்புறம் முப்பது பேரை மூன்றாகப் பிரித்தேன். பத்துப் பேர் தியேட்டர், பத்துப் பேர் சி.எஸ்.எஸ்.டி. எனப்படும், கருவிகளைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசேஷன் பிரிவும் ரெக்கவரி ரூமும், பத்துப் பேர் கிளாஸ். வாரம் ஒருமுறை மாற்றம். தினமும் சாயங்காலம் லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து, எந்த டேபிளில் யார் என்று எழுதி, அதன் நகலை சிஸ்டர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். மூன்று வருடமாக இதுதான் என் வேலையில் பாதி. "கோ-ஆர்டினேட்டர்னா என்ன வேலை?" என்று என் அம்மா கேட்டபோது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் வேலை என்றேன். "கல்யாண வீட்ல பந்தி பார்க்குற மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான்.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம், இது எனக்குக் கைசுட்டுத் தெரிந்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை அட்மிஷன் அன்றே தொடங்கிவிடுங்கள். மூன்று டோஸ், முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். நான் முதல் பேட்ச்சுக்கு மூன்றாம் மாதம்தான் தொடங்கினேன், பர்ச்சேஸில் கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது டோஸ் முடிவதற்குள் பிள்ளைகள் பிளேடும் ஊசியும் கையாள ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குத் தையல் போடும் சூச்சர் ஊசி கையுறையைத் தாண்டிக் குத்தியது. நோயாளியின் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும் வரைக்கும் அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. இப்போது முதல் டோஸ் போட்ட சீட்டு இல்லாமல் ஐ.டி. கார்டு கிடையாது. மூன்றாவது டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவும் பார்க்கிறோம், 10-க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டும்.

அதே மாதிரி, வெறும் வயிற்றோடு தியேட்டருக்குள் நுழையக் கூடாது. முதல் மாதத்தில் நான்கு பேர் மயங்கி விழுந்தார்கள், நான்கு பேரும் காலையில் சாப்பிடாதவர்கள். தலை சுற்றினால் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார், எக்காரணம் கொண்டும் கருவி அடுக்கிய டிராலி பக்கம் சாயாதே, இதுதான் நான் நடத்திய முதல் கிளாஸ். அனாட்டமி அப்புறம்.

பாதிப் பேர் தமிழ் மீடியம். புத்தகம் முழுக்க ஆங்கிலம், கருவிகளின் பெயர்கள் எல்லாம் யாரோ வெள்ளைக்கார டாக்டர்களின் பெயர்கள். பேப்காக், ஆலிஸ், கோக்கர். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள், டிரேயில் வைத்துக் கேட்டால் மாற்றிச் சொன்னார்கள். படத்தைக் காட்டி நடத்துவதை விட்டுவிட்டேன். பழைய கருவிகளைக் கேட்டு வாங்கி, டிரேயின் மேல் ஒரு டவலைப் போட்டு மூடி, கையை உள்ளே விட்டுத் தடவிச் சொல்லச் சொன்னேன். ஆலிஸின் நுனியில் வரிசையாகக் குட்டிப் பற்கள் இருக்கும், அது கெட்டியான திசுவைப் பிடிக்க. பேப்காக்கில் பல்லே கிடையாது, வளைந்து நடுவில் ஓட்டையாக இருக்கும், குடல், அப்பென்டிக்ஸ் மாதிரி மெத்தென்று இருப்பதைக் காயப்படுத்தாமல் பிடிக்க. கோக்கருக்கு நுனியில் கோரைப்பல் மாதிரி ஒன்று, விரலில் உறுத்தும். பேப்காக் கேட்டவரிடம் ஆலிஸைக் கொடுத்தால் குடலில் பல் பதியும் என்று சொன்னதும் ஒரு பையன் தன் உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு அதற்கப்புறம் மாறவே இல்லை. பிளேடு மட்டும் டவலுக்கு அடியில் வைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

எந்தெந்த கேஸில் நின்றோம் என்று பிள்ளைகள் எழுதிவைக்கும் லாக் புக்தான் என்னுடைய பெரிய தோல்வி. பதினான்கு கட்டம் போட்டு, கெட்டி அட்டையில் அச்சடித்துக் கொடுத்தேன். வருடக் கடைசியில் முப்பதும் வந்தன, முப்பதும் ஒரே நீல மையில், ஒரே ராத்திரியில் எழுதியவை. ஒருத்தன் ஒரே காலையில் மூன்று தியேட்டரில் மூன்று கேஸுக்கு நின்றிருந்தான். மூன்றுக்கும் டாக்டர் கையெழுத்து இருந்தது. யாரைத் திட்டுவது?

அப்போதுதான் வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்று தேடினேன். அமெரிக்காவில் இதற்குச் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்று பெயர், அவர்களுடைய பாடத்திட்டத்தில் நாள் கணக்கு இல்லை, கேஸ் கணக்கு. மொத்தம் 120 கேஸ். அதில் 30 ஜெனரல் சர்ஜரி, மீதி 90 எலும்பு, கண், சிறுநீரகம் மாதிரியான பிற பிரிவுகள். இந்த 120-ல் 80 கேஸில் மாணவர் முதல் ஸ்க்ரப்பாக நின்றிருக்க வேண்டும். முதல் ஸ்க்ரப் என்றால் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பது செல்லாது. தேவையான பொருள் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஸ்டெரைல் டிராலியைத் தானே அடுக்கி, ஸ்டெரைல் உடை போடாமல் வெளியிலிருந்து பொருள் எடுத்துத் தரும் சர்க்குலேட்டிங் ஆளோடு சேர்ந்து எண்ணி, கருவிகளை எடுத்துக் கொடுத்து, கடைசி வரை ஸ்டெரிலிட்டி கெடாமல் காப்பாற்ற வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் அது இரண்டாவது ஸ்க்ரப்தான்.

எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியவில்லை. காரணம் வெளிப்படையானது. நம்மூர்ப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ஸ்க்ரப்புக்கு நிற்பது ஸ்டாஃப் நர்ஸ்தான். டெக்னீஷியன் என்றால் அனஸ்தீசியா மெஷினைச் சோதிப்பது, பொசிஷன் கொடுப்பது, கரண்டால் ரத்தத்தை நிறுத்தும் காட்டரிக்குப் பிளேட் ஒட்டுவது, சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே மெஷினைத் தள்ளுவது. எங்கள் பிள்ளைகள் ஸ்க்ரப் கற்றுக்கொண்டால் தங்கள் இடம் போய்விடும் என்று நர்ஸ்களுக்குப் பயம் இருந்தது, அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆட்கள் குறைந்த ராத்திரிகளில் நிர்வாகம் யாரை எங்கே நிறுத்தும் என்று எனக்கும் தெரியும். அதனால் சிஸ்டரிடம் எழுதியே கொடுத்தேன்: மாணவர் நின்றாலும் ஸ்டாஃப் ஒருவர் கட்டாயம் ஸ்க்ரப்பில் இருப்பார், மாணவரைக் கணக்கில் வைத்து டியூட்டி போடக் கூடாது. அந்தத் தாள்தான் கதவைத் திறந்தது. பதினான்கு கட்ட லாக் புக் போய், சட்டைப் பையில் போகிற குட்டி நோட்டு வந்தது. கேஸ், என்ன பங்கு, அன்றே ஸ்க்ரப் சிஸ்டரின் கையெழுத்து, அவ்வளவுதான். மறுநாள் கொண்டு வந்தால் கையெழுத்து கிடையாது.

இனி ஒரு மாப் கதை. மாப் என்றால் இங்கே வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுக்கிற துணி. இரண்டாம் வருடம், ஒரு லேப்பராட்டமி, அதாவது வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். எங்கள் பையன் ஒருத்தன், விழுப்புரம் பக்கம், ஸ்டாஃப் சிஸ்டரோடு ஸ்க்ரப்பில் நிற்கிறான். வயிற்றை மூடுவதற்கு முன் எண்ணிக்கை. போர்டில் இருபது மாப் என்று எழுதியிருக்கிறது, கையில் பத்தொன்பது. மறுபடி எண்ணினார்கள், பத்தொன்பது. பயன்படுத்திய மாப்பைப் போடும் கிக் பக்கெட்டைக் கவிழ்த்தார்கள், நோயாளி மேல் போர்த்திய டிரேப்பை உதறினார்கள், ஒருத்தர் செருப்புக்கு அடியில்கூடப் பார்த்தார்கள். சர்ஜன் வயிற்றுக்குள் நான்கு பக்கமும் கைவிட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள இல்லப்பா, நீ எண்ணினது தப்பு, க்ளோஸ் பண்ணலாம்" என்றார். பையன் வாயைத் திறந்து, "சார், பத்தொம்பதுதான் சார் இருக்கு" என்றான். அதையே மூன்று முறை சொன்னான். வேறு எதுவும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சி-ஆர்ம் வந்தது. மாப்புக்குள் எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு நூல் இருக்கும். படத்தில் எதுவும் இல்லை. நாற்பது நிமிடம் கூடுதல் மயக்கம், அடுத்த கேஸ் தள்ளிப்போனது, அனஸ்தீசியா டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டு நல்ல தமிழில் பேசினார்.

மாப் எங்கேயும் போகவில்லை. ஐந்தைந்தாகக் கட்டி ஸ்டெரைல் பண்ணுகிற கட்டுகளில் ஒன்றில் நான்குதான் இருந்திருக்கிறது. பிரிக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நான்கு கட்டு, எனவே இருபது, என்று போர்டில் எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டை யார் கட்டியது என்று சி.எஸ்.எஸ்.டி. பதிவேட்டைப் பார்த்தேன். முந்தின நாள் மதியம், என் முதல் வருடப் பிள்ளைகள்.

அதைச் சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போதும் ஒரு குரல் உள்ளே சொல்கிறது. ஒரு வாரம் எங்கள் பிள்ளைகள் யாரும் தியேட்டர் படியேறக் கூடாது என்றார். ஒரு வாரமும் சி.எஸ்.எஸ்.டி.யிலேயே உட்கார்ந்தோம், நானும்தான். அதுவரை நான் அந்தப் பிரிவை, தியேட்டரில் இடமில்லாத பிள்ளைகளை நிறுத்தி வைக்கிற இடமாகத்தான் நினைத்திருந்தேன். காலையில் காலி சேம்பரில் போவி-டிக் டெஸ்ட் ஓட்டுவதிலிருந்து திரும்பத் தொடங்கினோம். நீராவி 134 டிகிரியில் பேக்குக்குள் சீராக இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பேக்கில் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் ஸ்டெரைல் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். டேப் சொல்வது இந்தப் பேக் சூட்டைப் பார்த்திருக்கிறது என்பதை மட்டும்தான். கிருமி செத்ததா என்று தெரிய வேண்டுமானால் சூட்டைத் தாங்கும் கிருமி வித்தான ஸ்போர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாப் கட்டிலும் கட்டியவர் பெயரும், எண்ணிப் பார்த்த இரண்டாவது ஆளின் பெயரும் எழுதிய சீட்டு அன்றிலிருந்து உள்ளே போகிறது. அது இப்போது மருத்துவமனை முழுக்க நடைமுறை. சீட்டு யோசனை என்னுடையது இல்லை, கட்டை நான்காகக் கட்டிய அந்தப் பெண்ணுடையது.

ஆவண வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எல்லா ஃபைலுக்கும் புது லேபிள். 2021-ல் அலைடு அண்டு ஹெல்த்கேர் புரொஃபஷன்ஸ் சட்டம் வந்தபிறகு ஓ.டி. டெக்னாலஜிஸ்ட் என்ற பெயர் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோர் "இது என்ன படிப்பு, நர்சிங்கா?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாள் கிடைத்தது. அந்த வகையில் நிம்மதி.

முதல் பேட்ச்சில் முப்பதில் இருபத்தேழு பேர் இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் முதல் வருடம் முடிந்ததும் வேறு படிப்புக்குப் போய்விட்டார்கள், ஒருத்தி கல்யாணமாகி நின்றுவிட்டாள். மறுபடி சேர்க்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். இன்டர்ன்களுக்கான ஸ்டைபெண்ட் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறதோ.

போன வாரம் சாயங்காலம் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தபோது இன்சார்ஜ் சிஸ்டர் என் அறைக்கே வந்தார். அவர் அதுவரை என் அறைக்கு வந்ததில்லை. மறுநாள் பெரிய கேஸ் ஒன்று, ஆறேழு மணி நேரம் போகும் என்றார். "அந்த மாப் எண்ணுன பையன் இருக்கானே, அவனை அந்த டேபிளுக்குப் போடுங்க."

அவன் அன்றைக்கு லீவு, அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான்.