ஒன்பதுக்கு ஒன்பது

1951. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஆடிய 9 ஆட்டத்திலும் ஜெயித்தது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆலி மேட்சன் அந்த சீசனில் ஓடியது 1,566 கெஜம். நாட்டிலேயே அதிகம்.

அப்புறம் பௌல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிந்ததும் சிறந்த கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்துக்கு, அழைப்பு வரவேண்டும். வந்ததோ நிபந்தனை: கறுப்பினத்தவரான மேட்சனையும் பர்ல் டோலரையும் விட்டுவிட்டு வாருங்கள்.

மொத்த அணியும் முடியாது என்றது. இருபது சொச்சம் வயசுப் பையன்கள்! எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

பௌல் போனது, அதோடு வரவேண்டிய பணமும். அந்த சீசனோடு அணியையே நிறுத்திவிட்டார்கள். மேட்சன் அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடி வெண்கலம் வாங்கினார். டோலர் 1965-இல் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவராகக் களத்தில் இறங்கினார்.