பிஎஃப் கொரோனா அட்வான்ஸ்: கேட்டது ஏப்ரலில், வந்தது ஜூலையில்

(2020 ஜூலையில் எழுதியது. இந்த அட்வான்ஸ் இப்போது கிடையாது; கீழே சொல்லும் விதிகளும் அன்றைய விதிகள்.)

நேற்று பிஎஃப் பணம் ஏறிவிட்டது. 25,500 ரூபாய். வாடகை பாக்கி பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று, மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டிலும் கொஞ்சம் கழிந்தது. இனி எழுதலாம். போன மாதம் எழுத உட்கார்ந்திருந்தால் வெறும் கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும்.

நான் சென்னையில் ஒரு தொழிற்பேட்டை (எஸ்டேட்) கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷினை இயக்குபவன். ஆறு வருஷ சர்வீஸ், பர்மனென்ட். மொத்தச் சம்பளம் 17,000. பிஎஃப், ஈஎஸ்ஐ போக 15,800 சொச்சம் கைக்கு வரும். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்றதும் கம்பெனி மூடியது. 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது: ஊரடங்கில் மூடிக் கிடக்கும் நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று. வாட்ஸாப் குரூப்பில் அதை அத்தனை பேரும் மாற்றி மாற்றி அனுப்பிச் சந்தோஷப்பட்டோம்.

ஏப்ரல் பே ஸ்லிப் வந்தது. 'லாஸ் ஆஃப் பே' (சம்பளம் இல்லாத நாள்) கட்டத்தில் 15 என்று இருந்தது. கேட்டை மூடியது அரசாங்கம், பூட்டுப் போட்டது கம்பெனி, லீவு போட்டவன் மட்டும் நான். கைக்கு வந்தது 7,926. வீட்டு வாடகையே 6,500.

கம்பெனிக்கும் வருமானம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டிஸ்பாட்ச் ஆகாமல் சரக்கு அடுக்கிக் கிடந்ததை நாங்களே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். வெட்டு எல்லாருக்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். மாடியில் உட்காரும் ஆபீஸ் ஸ்டாஃபுக்கு முக்கால் சம்பளம், ஷாப் ஃப்ளோருக்குப் பாதி, கான்ட்ராக்ட் பையன்களுக்கு ஒன்றுமே இல்லை. குறைந்த சம்பளக்காரனுக்குத்தான் பெரிய வெட்டு. கேட்டால், "உத்தரவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் நடக்குதுப்பா, தீர்ப்பு வரட்டும்" என்றார் மேனேஜர்.

ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் கொடுத்தார்கள், அது உண்மையிலேயே உதவியது. பைக் லோனுக்கு ரிசர்வ் வங்கி மூன்று மாத அவகாசம் அறிவித்தும், என் கணக்கில் ஈசிஎஸ் (தவணையைத் தானாகப் பிடிக்கும் முறை) போட்டு, பணம் இல்லை என்று பவுன்ஸ் சார்ஜும் பிடித்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

ஆக மிச்சம் இருந்தது பிஎஃப். மார்ச் 28 அன்று விதியைத் திருத்தி, கொரோனாவுக்காகத் திருப்பிக் கட்ட வேண்டாத அட்வான்ஸ் எடுக்கலாம் என்றார்கள். கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், அல்லது மூன்று மாத பேசிக் பிளஸ் டிஏ (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்), இதில் எது குறைவோ அது. நிவாரணத் திட்டத்தில் சேர்த்து அறிவித்தார்கள். என் பணத்தை என்னிடம் கொடுப்பதில் நிவாரணம் எங்கே வந்தது என்று அப்போதே தோன்றியது, ஆனால் தேவை நம்முடையது. போர்ட்டலில் நுழைந்தால் பிறந்த தேதி பொருந்தவில்லை, ஆதாரே இணைய மாட்டேன் என்கிறது. ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வயசு பத்தாது என்று ஹெட்மாஸ்டர் கூட்டிப் போட்ட தேதி மார்க் ஷீட்டில்; அம்மா சொன்ன தேதி ஆதாரில். பதினோரு மாத வித்தியாசம். கம்பெனி மார்க் ஷீட்டைப் பார்த்து ஏற்றியிருந்தது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பிஎஃப் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. வித்தியாசம் மூன்று வருஷத்துக்குள் இருந்தால் ஆதாரில் உள்ள பிறந்த தேதியையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல உத்தரவு. அதைப் பார்த்துத்தான் திருத்தம் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பித்தேன், ஐந்து நிமிஷ வேலை. உடனே ஸ்டேட்டஸ் காட்டியது: 'பெண்டிங் வித் எம்ப்ளாயர்'.

அங்கேதான் மாட்டியது. திருத்தத்துக்குக் கம்பெனி ஒப்புதல் கொடுத்து, டாங்கிள் என்ற சாமானைக் கம்ப்யூட்டரில் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால்தான் அது பிஎஃப் ஆபீசுக்கே போகும் என்று இருந்தது. எச்ஆர் மேடத்துக்குப் போன் அடித்தேன். அவர் திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார்.

"டாங்கிள் ஆபீஸ்ல என் டிராயர்ல இருக்கு. சாவி என்கிட்ட. நான் வரணும்னா இ-பாஸ் வேணும். ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் மேல் தப்பில்லை, சத்தியமாக. ஆனால் யோசித்துப் பாருங்கள். பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன சாமான், பூட்டின கம்பெனிக்குள், பூட்டின டிராயரில். என் ஆறு வருஷச் சேமிப்புக்கு அதுதான் சாவி. சம்பளத்தைப் பாதியாக்கின அதே கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் என் சேமிப்பு எனக்கு வரும். கையெழுத்துக்காக அங்கே போய் நிற்க வேண்டியவன், பாதிச் சம்பளத்தைப் பற்றி அதே வாயால் கேள்வி கேட்க முடியுமா? முடியவில்லை. நான் மட்டுமில்லை, ஒப்புதலுக்குக் காத்திருந்த எல்லாருமே மே மாதம் முழுக்க சம்பளப் பேச்சை எடுக்கவில்லை. மேனேஜர் போன் போட்டால் "சரிங்க சார், சரிங்க சார்" தான்.

டாங்கிள் இல்லாவிட்டாலும், கையெழுத்து அதிகாரம் உள்ளவர் ஆதார் இ-சைன் (ஆதார் வழி மின்கையெழுத்து) வழியாக ஒப்புதல் தர ஒரு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கம்பெனியிலும் டாங்கிள் கதை சொன்னால் இதைக் கேளுங்கள். எங்கள் இடத்தில், "அதெல்லாம் ரிஜிஸ்டர் பண்ணலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

மே 25 அன்று சென்னை எஸ்டேட்களை 25 சதவீத ஆட்களோடு திறக்க அனுமதித்தார்கள். அந்த வாரமே மேடம் வந்து சேர்ந்தார். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நெற்றியில் துப்பாக்கி பிடித்து டெம்பரேச்சர் பார்த்து உள்ளே விட்டார். டாங்கிளைச் செருகினால் பாஸ்வேர்டு காலாவதி! அதை மாற்ற ஒரு நாள். கடைசியில் ஒப்புதல் போய்ச் சேர்ந்தது. மேடத்துக்கு நன்றி, எங்கள் எட்டு பத்து பேருடையதையும் ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தார்.

அடுத்தது பிஎஃப் ஆபீஸ். ஸ்டேட்டஸ் மறுபடி பெண்டிங், இந்த முறை 'ஃபீல்டு ஆபீஸ்'. பஸ் கிடையாது, பைக்கில் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு அட்டைப் பெட்டி, மேலே துளை.

"மனுவை எழுதிப் பெட்டில போட்டுட்டுப் போங்க சார். உள்ள விடறதில்ல."

"ரசீது ஏதாவது…"

"பெட்டி எப்படி சார் ரசீது கொடுக்கும்?"

நியாயமான பதில்தான். சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டியில் போட்ட மனு என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. வேலை செய்தது வேறு: பிஎஃப் இணையதளத்தில் இருக்கும் புகார்ப் பகுதி. அதில் யுஏஎன் நம்பர் (ஒவ்வொரு பிஎஃப் உறுப்பினருக்கும் உள்ள எண்) போட்டுப் பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். சுற்றறிக்கையின் சாரத்தை இரண்டு வரி எழுதி, ஆதார் நகலை இணைத்து, கம்பெனி ஒப்புதல் தந்த தேதியையும் குறிப்பிட்டேன். அடுத்த வாரமே தேதி திருந்திவிட்டது. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினோம் என்றால் நம்புவீர்களா? ஆகவே சொல்கிறேன், நேரில் அலையாதீர்கள். முதலில் புகார் போடுங்கள், பதிவு எண்ணை எழுதி வையுங்கள். கோபத்தைக் கொட்டாமல் எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது.

அதன் பிறகு ஓடிபி போட்டு ஆதாரை நானே இணைத்தேன். க்ளெய்ம் போட்டேன்.

ரிஜெக்ட். காரணம்: பாஸ்புக்கில் பெயர் தெளிவில்லை. பேங்க்காரர்கள் தீர்ந்துபோன மையில் அடித்துக் கொடுத்த முதல் பக்கம் அது, நேரில் பார்த்தாலே கண்ணைச் சுருக்க வேண்டும். என்னிடம் இருந்த செக் புக்கிலோ பெயர் அச்சாகவில்லை. அதற்குள் ஜூன் 19-இல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு, ஜூலை 5 வரை இழுத்தது. பிறகு பேங்க் போனால், வெளியே வட்டம் போட்ட இடத்தில் நின்று, ஐந்து ஐந்து பேராக உள்ளே. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நெட்ல ஸ்டேட்மென்ட் எடுத்துக்கோங்க" என்றார். ஆன்லைன் க்ளெய்மில் பெயர் அச்சிட்ட செக் அல்லது பாஸ்புக் பக்கத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்துக் கவுண்டர் அம்மாதான் கேட்டுவிட்டு, புது பாஸ்புக் எடுத்து, முதல் பக்கத்தைப் பளிச்சென்று அடித்து, சீலும் வைத்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு நுணுக்கம். படம் ஜேபிஜியாக, 100 கேபியிலிருந்து 500 கேபிக்குள் இருக்க வேண்டியிருந்தது. வாட்ஸாப்பில் அனுப்பி எடுத்த படம் சுருங்கி 100-க்குக் கீழே போய்விட்டது, ஏறவில்லை. போனில் எடுத்ததை நேராக ஏற்றினேன். பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றும் வெளிச்சம் அடிக்காமல் தெரிய வேண்டியிருந்தது. பேங்க் இணைப்பில் உங்கள் பேங்க் போயிருந்தால் போர்ட்டலில் உள்ள ஐஎஃப்எஸ்சியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது க்ளெய்ம் மூன்றே வேலை நாளில் முடிந்தது. மூன்று நாளில் தருகிறோம் என்று பிஎஃப் ஆபீஸ் சொன்னது பொய்யில்லை. அந்த மூன்று நாளின் வாசலுக்குப் போய்ச் சேரத்தான் மூன்று மாதம்.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் எரிவது அதில்தான். என் கணக்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் இருந்தது. 75 சதவீதம் என்றால் 84,000. ஆனால் என் பேசிக் பிளஸ் டிஏ வெறும் 8,500. மூன்று மாதம் 25,500. குறைவானதுதான் கிடைத்தது. மிச்சச் சம்பளமெல்லாம் ஸ்பெஷல் அலவன்ஸ், கன்வேயன்ஸ் என்று துண்டு துண்டாகப் போட்டிருக்கிறது. கம்பெனி தன் பிஎஃப் பங்கைக் குறைக்கச் செய்கிற பழைய வேலை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸும் பிஎஃப் கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எங்கள் பே ஸ்லிப்புக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. நல்ல காலத்தில் மாதம் சில நூறு ரூபாய் நஷ்டம்தானே என்று விட்டது, கஷ்ட காலத்தில் அட்வான்ஸையும் பாதியாக்கிவிட்டது.

2020 மே, ஜூன், ஜூலைக்கு மட்டும் பிஎஃப் பிடித்தத்தை 12-லிருந்து 10 சதவீதமாக்கினார்கள். கைக்கு 170 ரூபாய் கூட வந்ததே என்று மகிழ்வதற்கில்லை, என் சேமிப்பில் அதே 170 குறைந்தது. கம்பெனி பங்கிலும் இரண்டு சதவீதம் குறைந்தது. சிடிசி முறையில் (கம்பெனியின் பிஎஃப் பங்கையும் சேர்த்துப் பேசிய) சம்பளம் என்றால் அந்த இரண்டையும் தொழிலாளிக்கே தர வேண்டும் என்று தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது.

இந்த அட்வான்ஸுக்கு வருமான வரி பிடிக்கவில்லை, 15ஜி (வரி பிடிக்க வேண்டாம் என்று தரும் படிவம்) எல்லாம் தேவைப்படவில்லை. பென்ஷன் கணக்கிலும் கை வைக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் "உள்ளே ஆள் இருக்கு, ஆயிரம் கொடுத்தா உடனே" என்பவர்களிடம் ஓடிபி சொல்லிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் கொடுத்துவிட்டு இன்னும் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பாதிச் சம்பள விவகாரம் முடியவில்லை. உள்துறை உத்தரவை மே 18 முதல் வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஜூன் 12 அன்று கோர்ட், முதலாளிகள் மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எங்கள் கம்பெனி பேசிய பேச்சு இதுதான்: ஏப்ரலுக்குக் கொடுத்த பாதியும் அட்வான்ஸ், அதை ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்து ஈடு கட்ட வேண்டும். அதற்கு ஒரு தாள் நீட்டினார்கள். பிஎஃப் கைக்கு வந்துவிட்டதால் இப்போது எனக்குக் கொஞ்சம் தைரியம். நானும் இன்னும் சிலரும் கையெழுத்துப் போடவில்லை. 2020-இல் இருந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி மாதம் 24,000 வரை வாங்குகிறவர்கள் பிடித்தத்தை எதிர்த்து 12 மாதத்துக்குள் மனு போடலாம் என்று யூனியன் அண்ணன் ஒருவர் சொன்னார். மனு எழுதியாயிற்று. வாட்ஸாப்பில் வந்த ஏப்ரல் பே ஸ்லிப்பை எல்லாரும் முதலில் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.