தத்து இல்லைம்மா, வளர்ப்பு

நேற்று ஒரு வீட்டுக்கு விசாரணைக்குப் போயிருந்தேன். சொந்த வீட்டில் இருக்க முடியாத குழந்தையைச் சில காலம் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கு மனு போட்ட தம்பதி. காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா முதலில் கேட்டதே, "பிஞ்சுக் குழந்தையா கிடைக்குமா மேடம்?" என்றுதான். எங்களிடம் இருப்பதோ ஒன்பது வயதுப் பையன். அவனுக்கு அம்மா இருக்கிறார். உடம்பு தேறினால் திரும்ப அழைத்துக்கொள்வார். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி இது தத்து இல்லை என்று விளக்கினேன்.

"அப்போ வளர்த்துட்டு விட்டுடணுமா?"

இதற்கு எனக்கு இன்னும் பதில் வந்தபாடில்லை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வளர்ப்புச் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று சொல்லவே கூச்சம். அதற்கும் வங்கிக் கணக்கு, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு என்று அலைய வேண்டும்.

கிளம்பும்போது கணவர் வாசல் வரை வந்தார். "பையனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா மேடம்?"