ஏரியில் ஆழம், காட்டில் தூரம், சதுப்பில் காற்று

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏப்ரல் கடைசியில் படகைத் தண்ணீரில் இறக்கினால், டிசம்பர் வரை எனக்கு ஓய்வில்லை. கோடை முழுக்க ஏரியில் தூண்டில் இழுப்பு, அக்டோபர் பிறந்ததும் வில், அதே மாதத்தில் வாத்து. மூன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பேடு வைத்திருந்தேன்; இப்போது ஒன்றாக்கிவிட்டேன். மூன்றிலும் நான் எழுதிவந்தது ஒரே கேள்விக்கான பதில்தான்: என் கையை விட்டுப் போன பொருள் இந்நேரம் எங்கே இருக்கிறது? அறுபது அடி ஆழத்தில் ஓடும் போலி இரை, மானை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் அம்பு, வாத்துக்கு முன்னால் விரியும் துப்பாக்கி ரவை. போன பிறகு எதையும் திருத்த முடியாது. போகும் முன்பே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வசந்தத்தில் ஹியூரான் ஏரியின் சாகினா விரிகுடாவில் தொடங்குகிறேன். ஆழம் குறைந்த தண்ணீர், வால்ஐ மீன். மண்புழு கோத்த தூண்டிலுக்கு முன்னால் ஒரு சிறு தகடு சுழலும். படகின் வேகம் மணிக்கு ஒரு மைலுக்குச் சற்று மேல். அதைத் தாண்டினால் தகடு மினுங்கும், மீன் மதிக்காது. இந்த விரிகுடாவில் வால்ஐ இவ்வளவு பெருகியிருப்பதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. ஏல்வைஃப் என்ற வந்தேறிச் சிறுமீன் வால்ஐ குஞ்சுகளைத் தின்றுவந்தது. 2003-04 வாக்கில் ஹியூரான் ஏரியில் அந்த ஏல்வைஃப் கூட்டமே சரிந்தது. அதையே உணவாக நம்பியிருந்த சினூக் சால்மன் அந்த ஏரியில் மெலிந்துபோனது. வால்ஐ குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. ஒரே நிகழ்வு ஒரு மீனவருக்கு இழப்பு, இன்னொருவருக்கு அறுவடை.

தூண்டில் நரம்பைப் படகின் பக்கவாட்டில் அகலமாகக் கொண்டு செல்ல, நீரில் மிதக்கும் பக்கப் பலகைகளைப் பயன்படுத்துகிறேன். வேகத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இந்தப் பலகைகள்தாம். படகு வளையும்போது வெளிப்பக்கத்துத் தூண்டில்கள் வேகமெடுக்கின்றன, உட்பக்கத்தவை தளர்ந்து மெதுவாகின்றன. வளைவில் மீன் கடித்தால் எந்தப் பக்கம் என்று உடனே குறித்துக்கொள்கிறேன். வெளிப்பக்கமே திரும்பத் திரும்ப அடிபட்டால் வேகத்தைச் சிறிது கூட்டுவேன், உட்பக்கமானால் குறைப்பேன். முன்பெல்லாம் நேர்க்கோட்டில் ஓட்டுவதே ஒழுங்கு என்று இருந்தேன். இப்போது வேண்டுமென்றே பாம்புபோல் நெளிந்து ஓட்டுகிறேன். பக்கத்துப் படகுக்காரர்கள் முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

ஜூலையில் மாநிலத்தின் மேற்குக் கரைக்கு, மிச்சிகன் ஏரிக்குப் போகிறேன். விளையாட்டின் கடினமான பகுதி இதுதான். இங்குள்ள பசிபிக் சால்மன்கள் இயற்கையாக வந்தவை அல்ல; பெருகிவிட்ட ஏல்வைஃபைக் கட்டுப்படுத்த 1966இல் கோஹோ சால்மனையும் 1967இல் சினூக்கையும் மாநில அரசு விட்டது. சினூக் குளிர்நீர்ப் பிரியன். 50 முதல் 55 டிகிரி பாரன்ஹீட், அதாவது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ், அதற்குப் பிடித்தமானது. கோடையில் மேல்நீர் சூடாகி, கீழே குளிர்நீர் தங்கி, இரண்டுக்கும் நடுவே வெப்பநிலை சட்டென்று விழும் ஒரு அடுக்கு உருவாகிறது. அந்த அடுக்கின் ஓரத்தில் இரையை ஓடவிடுவதுதான் வேலை. அந்த ஓரம் நேற்றிருந்த இடத்தில் இன்று இருக்காது என்பதுதான் சிக்கல். வடக்கிலிருந்து பலமான காற்று நாள்முழுக்க அடித்தால், சூடான மேல்நீர் கரையை விட்டு விலகி, குளிர்நீர் மேலே ஏறிவிடும். முந்தைய நாள் எண்பது அடியில் கிடைத்த வெப்பநிலை மறுநாள் முப்பது அடியில் நிற்கும். மேற்குக் காற்று நீடித்தால் நேர்மாறு: சூடான நீர் கரையோரம் குவிந்து, குளிர் அடுக்கு ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே வானிலை அறிக்கையில் நாளைய காற்றைப் பார்ப்பதைவிட நேற்றும் முன்தினமும் அடித்த காற்றைப் பார்ப்பது எனக்கு அதிகம் உதவுகிறது.

ஆழத்துக்கு இறக்க டவுன்ரிக்கர். உலோகக் கம்பியின் நுனியில் பத்துப் பவுண்டு ஈயக்குண்டு. அதன் அருகே நரம்பை ஒரு கவ்வியில் மாட்டுகிறோம். மீன் கடித்ததும் கவ்வி விடுபட்டு, மீன் நேரடியாகத் தூண்டில் கம்பில் போராடும். கருவியின் எண்காட்டி அறுபது அடி என்று சொல்லும். ஆனால் ஓடும் படகில் குண்டு நேர்க்கீழே தொங்குவதில்லை. நீர் அதைப் பின்னால் தள்ளுகிறது. உண்மையான ஆழம் எண்காட்டி சொல்வதைவிடக் குறைவு. இதைச் சரிக்கட்ட எளிய வழி, குண்டு, நீருக்கடியில் இருப்பதை ஒலியால் காட்டும் எதிரொலிமானியின் திரையில் ஒரு கோடாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, கோடு நிற்கும் ஆழத்தையே நம்புவது.

அதைவிட முக்கியமாக நான் கவனிக்கத் தொடங்கியது கம்பியின் சாய்வை. மேலே ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். ஆழத்தில் வேறொரு நீரோட்டம் எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ ஓடலாம். மணிக்கு 2.4 மைல் என்று திரை சொன்னாலும், கீழே இரை அதைவிட மிக மெதுவாகவோ வேகமாகவோ போய்க்கொண்டிருக்கலாம். வடக்கு நோக்கிப் போகையில் அடுத்தடுத்துக் கடித்த மீன், திரும்பி வரும்போது ஒன்றுகூடத் தொடாததன் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்பி அதிகம் சாய்ந்தால் கீழே வேகம் அதிகம். செங்குத்தாக நின்றால் இரை சோம்பிக் கிடக்கிறது. இப்போது கடி விழுந்ததும் ஜிபிஎஸ் வேகத்தை எழுதுவதில்லை. கம்பியின் சாய்வை எழுதுகிறேன். படகின் பின்சுவரில் அதற்காகவே கோணம் வரைந்திருக்கிறேன். குண்டுக்குப் பக்கத்திலேயே வேகமும் வெப்பமும் அளந்து மேலே அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. இன்னும் வாங்கவில்லை. வாங்கினால் இந்தச் சாய்வுக் கோட்டின் சுவாரசியம் போய்விடும் என்பது பாதி உண்மை, பாதி சாக்கு.

டவுன்ரிக்கரோடு ஈயம் உள்ளே ஓடும் நரம்பையும் பயன்படுத்துகிறேன். பத்துக் கெஜத்துக்கு ஒரு முறை நிறம் மாறும். மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்து அடி இறங்கும் என்பது பலரும் சொல்லும் கணக்கு. வேகம் கூடினால் மேலே எழும். கணக்குக்குத் தொடக்கமாக நல்லது, அதற்குமேல் நம்பக்கூடாது.

மீன்பிடி மும்முரத்திலேயே வில் பயிற்சியும் நடக்கும். என்னுடையது கப்பி வைத்த காம்பவுண்டு வில். ஹோலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1960களில் உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழித்தோன்றல். நாணை இழுக்க 55 பவுண்டு விசை வேண்டும். முழுக்க இழுத்து நிற்கும்போது கப்பி எண்பது விழுக்காட்டைத் தாங்கிக்கொள்வதால் கையில் 11 பவுண்டுதான் மிஞ்சும். மான் ஓர் அடி நகரும்வரை இழுத்தபடி காத்திருக்க முடிவது இதனால்தான்.

கோடையின் தொடக்கத்தில் வரிசையாக நிறைய அம்புகள் எய்து, இலக்கில் நெருக்கமான கூட்டம் கண்டால் மகிழ்ந்துபோவேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். மானுக்கு முன்னால் கிடைப்பது ஓர் அம்பு, அதுவும் குளிரில் உட்கார்ந்து விறைத்த உடம்போடு. இப்போது காலையில் எழுந்ததும் எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் ஒரே ஓர் அம்பு. அது விழுந்த இடத்தை மட்டும் எழுதுகிறேன். நோட்டில் பார்க்க அழகாக இல்லை, ஆனால் உண்மை. ஆகஸ்டில், வெட்டும் அலகுள்ள வேட்டைமுனைகளை அம்பில் மாட்டிச் சோதிப்பேன். அவை பயிற்சிமுனைகளுக்கு இடப்பக்கம் விழுந்தால், அம்பு தாங்கியை இம்மியளவு வலப்பக்கம் நகர்த்த வேண்டும். பயிற்சிமுனை விழும் திசைக்கே தாங்கியை நகர்த்து என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை.

மரப்பரணிலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது கோணத்தைக் கணக்கிட வேண்டும் என்று நிறையப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது அடி உயரப் பரண்; அடிமரத்திலிருந்து இருபது கெஜத்தில் மான். சாய்வுத் தூரம் 21 கெஜம். ஒரு கெஜ வேறுபாட்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். உண்மையில் தவறவைப்பது தோள்பட்டையை மட்டும் தாழ்த்தி எய்வது. இடுப்பில் மடிந்தால் இழுப்பின் நீளம் மாறாது. தோளைத் தாழ்த்தினால் மாறிவிடும். உயரத்தில் இருக்கும்போது உடல்வார்ப் பட்டையை மரத்தோடு பிணைத்தே இருப்பேன், ஏறத் தொடங்கும் முதல் படியிலிருந்தே.

மிச்சிகனில் வில் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கி நவம்பர் 14 வரை. 15 முதல் துப்பாக்கிக்காரர்களின் பதினாறு நாள். டிசம்பர் 1இலிருந்து மீண்டும் வில். வெண்வால் மானின் இணைசேரும் பருவம் நவம்பர் முதல் பாதியில் உச்சமடைகிறது. பகலின் நீளம் குறைவதுதான் அதைத் தூண்டுகிறது, குளிர் அல்ல. குளிர் வந்தால் பகலில் அதிகம் நடமாடுகிறது, அவ்வளவே.

எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை 25 கெஜம். இலக்குப் பலகையில் நாற்பதிலும் நன்றாக எய்கிறேன், ஆனால் பலகைக்குக் காது கிடையாது. என் அம்பு நொடிக்கு 270 அடி போகிறது. ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல். முப்பது கெஜத்தில் நாணின் ஓசை 0.08 நொடியில் மானை அடைந்துவிடும், அம்பு சேர 0.33 நொடியாகும். நடுவிலுள்ள கால் நொடியில், பாய்வதற்காகக் கால்களை மடக்கும் மான் கீழே தாழ்ந்துவிடும். தலையை உயர்த்தி விறைப்பாக நிற்கும் மானுக்கு என் எல்லை இன்னும் குறைவு.

இந்த அக்டோபரில் நல்ல கொம்புள்ள கிடா ஒன்று பதினெட்டுக் கெஜத்தில், என்னை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றது. தூரம் சரி, கோணம் இல்லை. நாணை இழுக்கவில்லை. சில நிமிடம் நின்று, வந்த வழியே போய்விட்டது. பிறகு ஒரு மாலையில் பெட்டை ஒன்று, சற்றே விலகித் திரும்பிய வாட்டத்தில் பதினாறு கெஜத்தில் கிடைத்தது. அம்பு நுரைபடிந்த இளஞ்சிவப்பு இரத்தத்தோடு மண்ணில் குத்தி நின்றது. நுரையீரல் என்று தெரிந்தது. இருந்தும் அரை மணி நேரம் பரணிலேயே உட்கார்ந்திருந்தேன். இரத்தம் கருத்திருந்தால் சில மணி நேரம். பச்சை கலந்து நாறினால் வயிற்றில் பட்டிருக்கிறது, எட்டு மணி நேரமாவது விட வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்த மான் எழுந்து ஓடும், பிறகு கிடைக்காது.

வாத்துக்கு வருகிறேன். தொலைவுமானியை வில் பையிலிருந்து எடுத்து வாத்துப் படகில் போட்டது இவ்வாண்டு நான் செய்த மிகப் பயனுள்ள காரியம். விடியும் முன் பொம்மை வாத்துகளைப் பரப்பும்போது, தனியாக ஒரு பொம்மையைச் சரியாக 35 கெஜத்தில் நிறுத்துகிறேன். அதற்கு அப்பால் வரும் எதற்கும் துப்பாக்கி எழாது. நீர்மேல் வெட்டவெளியில் தூரத்தை மதிப்பிடக் கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. ஐம்பதும் முப்பதுபோலத் தெரியும்.

நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் தடை. சேற்றில் விழுந்த ரவையைத் தீனியோடு விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் செத்ததால் வந்த சட்டம், நியாயமானதும்கூட. அதனால் நான் சுடுவது எஃகு ரவை. எஃகு ஈயத்தைவிட இலேசானது, விரைவில் வேகம் இழக்கும். அதனால் இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். என் துப்பாக்கியை 40 கெஜத்தில் காகிதத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து சுட்டுப் பார்த்தேன். பெட்டியின்மேல் உயர்ந்த வேகத்தைப் பெரிதாக அச்சிட்டிருந்த தோட்டா ஓட்டை ஓட்டையாகப் பரப்பியது. வேகம் குறைந்ததுதான் சீராக நிரப்பியது.

மணிக்கு 40 மைலில் குறுக்கே பறக்கும் வாத்துக்கு 35 கெஜத்தில் ஏறத்தாழ ஆறு அடி முன்னால் சுட வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கை மறைப்புக்குள் உட்கார்ந்து போட முடியாது. ஆகவே கணக்கே தேவைப்படாத சூழலைப் பொம்மைகளால் உண்டாக்கப் பார்க்கிறேன். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று என் முதுகுப் பக்கமிருந்தோ குறுக்காகவோ வரும்படி இடம் பிடித்து, பொம்மைகளின் நடுவே ஒரு வெற்றிடம் விட்டால், மல்லார்டு வாத்துகள் கால்களை நீட்டி, இறக்கையால் வேகத்தை அடக்கியபடி அங்கே வரும். அப்போது முன்னால் சுட வேண்டிய தூரம் மிகச் சிறிது. காற்றே இல்லாத காலைகளில் அவை எப்பக்கமும் சுற்றும்; அந்த நாள்களில் நான் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தேன்.

அடையாளம் காண்பது தனிக் கல்வி. பருவத் தொடக்கத்தில் ஆண் மல்லார்டுகளும் பெட்டைபோலவே மங்கலாக இருக்கும். சுடக்கூடிய பெட்டைகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு உண்டு. ஐயமிருந்தால் விட்டுவிடுவது சட்டத்துக்கும் நல்லது, நிம்மதிக்கும் நல்லது. 25 டாலர் கொடுத்து, வேட்டைக்காரர் வைத்திருக்க வேண்டிய அரசின் வாத்து முத்திரையை வாங்காமல் இதில் இறங்கவே முடியாது. 1934இல் தொடங்கிய அந்த முத்திரைப் பணத்தின் பெரும்பகுதி சதுப்புநிலம் வாங்கவே போகிறது.

ஜனவரியில் ஏரி உறைந்த பிறகு இதை எழுதுகிறேன். அடுத்த கோடைக்கு ஒரு வேலை பாக்கி: கம்பிச் சாய்வுக் கோணங்களைக் காற்றின் திசையோடு சேர்த்து ஓர் அட்டவணையாக்கி, படகில் ஒட்ட வேண்டும். வில்லுக்கு நாண் மாற்றும் காலமும் வந்துவிட்டது. மாற்றினால் எல்லாக் குறிகளும் நகரும். மார்ச்சிலேயே தொடங்கினால்தான் ஜூலைக்குள் சரியாகும்.