குழிக்கு ஒரு கட்டம்

“ஏந்தம்பி, பன்னி தோண்டுனதுக்கும் இதே கட்டந்தானா?”

பழனி மலையின் கீழ்ச்சரிவில், கூட வந்த பளியர் பழங்குடிப் பாட்டி கேட்டது. வள்ளி என்ற காட்டுக்கிழங்குக் கொடியைக் கணக்கெடுக்கும் படிவத்தில், ஒரு குழிக்காக ‘மனித இடையூறு’ என்ற கட்டத்தில் அப்போதுதான் டிக் அடித்திருந்தேன். பன்றிக்கு வேறு கட்டம் இருக்கிறது என்றேன். “அப்ப எது யாரு குழின்னு பார்த்துத்தான எழுதணும்?” என்றார். பதில் சொல்லவில்லை.

குழி இருந்தது, எழுதினேன். அதில் என்ன தவறு? ஆனால் அது மார்ச் மாதம். வள்ளிக்கொடி மழைக்குத் துளிர்த்து, வெளிச்சம் தேடி மரத்தில் சுற்றி ஏறி, கோடையில் இலை உதிர்ந்து காய்ந்துவிடும். உயிர் கிழங்கில்தான் இருக்கும். எங்கள் தாளில் ‘கொடி: இல்லை, குழி: உண்டு’ என்று அடுத்தடுத்து விழுந்தது. படிப்பவர் என்ன நினைப்பார்? எல்லாவற்றையும் தோண்டித் தின்றுவிட்டார்கள் என்றுதான்.

பாட்டி தோண்டியதையும் பார்த்தேன். மரத்தில் தொங்கிய காய்ந்த தண்டை விரலால் தடவிக்கொண்டே தரை வரை வந்தார். கல்லிடுக்கில் பாரையால் மண்ணைத் தளர்த்தி, கிழங்கின் கீழ்ப்பகுதியை மட்டும் ஒடித்தெடுத்தார். தண்டு ஒட்டிய தலையைத் திரும்பக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். அடுத்த மழைக்கு அது முளைக்கும். பன்றியும் முள்ளம்பன்றியும் மண்ணை மூடிவிட்டுப் போவதில்லை.

சரி, எல்லாரும் பாட்டி போலவா? பக்கத்திலேயே பாரைத் தடத்தோடு, தலையும் இல்லாமல், திறந்தே கிடந்த குழிகளும் இருந்தன. வள்ளியில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடிகள் குறைந்தால் காற்றில் பறக்கும் அந்தச் சிறகு விதைகளும் குறையும். அதை எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிழங்கையும் சிறு வனப்பொருளில் சேர்த்திருக்கிறது. எடுப்பது பளியர்களின் உரிமை. உரிமையை ‘இடையூறு’ என்று பெயரிட்டது நானில்லை, படிவம்தான். டிக்கை அழிக்கவில்லை, குறிப்பில் ‘தலை திரும்ப நடப்பட்டுள்ளது’ என்று சேர்த்தேன். தொகுப்பு அட்டவணையில் குறிப்புக்கு இடமே இல்லை என்பது அப்போதே தெரியும்.

அடுத்த கணக்கெடுப்பை மழைக்குப் பிறகு வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடி தெரியும். ஆனால் குழிகளைப் புல் மூடியிருக்கும். எது யார் குழி என்று அப்போதும் சொல்ல முடியாது.