வீடு மாசசூசெட்ஸ்ல, நைட் ஷிஃப்ட் ஹவாய்ல

அமெரிக்கால என்ன வேலைன்னு சொந்தக்காரங்க யாராவது கேட்டா "கல்லு பாக்குறேன்"னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன். ஆஸ்டிராய்டு (சூரியனச் சுத்துற விண்வெளிக் கல்லு), ஸ்பெக்ட்ரோஸ்கோபின்னு வாயத் தொறந்தா அடுத்த கேள்வி "அப்ப நாசாவா?"தான், இல்லன்னா அவங்க மூஞ்சி சுருங்கிடும், ஆமான்னா அது பொய். சம்பளம் யுனிவர்சிட்டி குடுக்குது, ஆராய்ச்சிப் பணம் நாசா கிராண்ட்ல வருது, பாக்குற டெலஸ்கோப் ஹவாய் மௌன கேயா மலை உச்சில இருக்குற நாசாவோட 3.2 மீட்டர் இன்ஃப்ராரெட் டெலஸ்கோப், அதுக்காக நான் நாசா ஆளாகிடுவேனா.

ஆகவும் முடியாது, இப்போதைக்கு. நாசால நேரடி கவர்ன்மென்ட் வேலைன்னா சிட்டிசன்ஷிப் வேணும். அது ஊர்ல இருக்கும்போதே தெரியும். தெரியாதது எக்ஸ்போர்ட் கன்ட்ரோல். விண்கலத்தோட ஹார்ட்வேர் சம்பந்தப்பட்ட சில தகவல் வெளிநாட்டுக்காரங்க கண்ல படக்கூடாதுன்னு இங்க சட்டம், அதனால ஒரு மிஷன் பத்தின மீட்டிங்ல ஜாலியா உக்காந்து கேட்டுட்டு இருக்கும்போது "அடுத்த கொஞ்ச ஸ்லைடுக்கு சிலர் வெளிய இருக்கணும்"னு மரியாதையாத்தான் சொல்வாங்க, அந்த சிலர்ல நாமளும் உண்டு. வெளிய காரிடார்ல நின்னா இன்னொரு நாட்டுக்காரர் காஃபி கப்போட நிப்பார், இங்க எனக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சதே அப்படித்தான்.

விசா கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நீட்டல. ஆராய்ச்சியாளர்களுக்கும் குடுக்குற ஜே1 விசால வந்தேன், இன்டர்வியூல "ஸ்பேஸ்"னு ஒரு வார்த்தை விழுந்ததும் கூடுதல் செக்கிங்குக்காக விசாவ நிறுத்தி வெக்கிற 221ஜி பேப்பர் கைல குடுத்தாங்க, அப்புறம் ஒரே காத்திருப்பு. நம்மாளுங்க பயப்படுற ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பணும்ங்கிற ரூல்ல ஒரு நல்ல மாற்றம், எந்தெந்த நாட்டுக்காரங்க எந்தெந்தத் துறைல இருந்தா அந்த ரூல் ஒட்டும்னு சொல்ற ஸ்கில்ஸ் லிஸ்ட்ல இருந்து 2024 டிசம்பர்ல இந்தியாவ எடுத்துட்டாங்க. ஆனா கவர்ன்மென்ட் ஃபண்டிங்ல வர்றவங்களுக்கு அந்த ரூல் இன்னும் ஒட்டும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பணம் எங்கருந்து வருதுன்னு பாத்துக்கங்க. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாம வாடகைக்கு வீடு தேடுற கூத்த ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதிட்டாங்க, விடுங்க.

வேலைக்கு வரேன். ஆஸ்டிராய்டு மேல பட்டு திரும்புற சூரிய வெளிச்சத்த கலர் கலரா பிரிச்சுப் பாத்தா (அதுதான் ஸ்பெக்ட்ரம்) எந்தக் கனிமம் இருக்குன்னு ஓரளவு சொல்லலாம். ஆலிவின், பைராக்ஸீன்னு ரெண்டு கனிமம், ரெண்டுலயும் படிகத்துக்குள்ள இருக்குற இரும்பு 1 மைக்ரான் அலைநீளம் பக்கத்து வெளிச்சத்த முழுங்கும், ஸ்பெக்ட்ரத்துல அங்க ஒரு பள்ளம் விழும், பைராக்ஸீன்னா 2 மைக்ரான் பக்கம் இன்னொரு பள்ளமும் விழும். அந்தப் பள்ளம் எங்க இருக்கு, எவ்ளோ அகலம், ரெண்டு பள்ளத்தோட பரப்புக்கும் என்ன விகிதம், பொழப்பே இதுதான்.

இதுக்கு யாரும் ஹவாய்க்கு ஃப்ளைட் ஏற வேண்டாம். வீட்லருந்தே லேப்டாப்ல கனெக்ட் ஆகி பாக்கலாம், நான் அந்த மலைய நேர்ல பாத்ததே இல்ல. கோடைல எங்களுக்கும் ஹவாய்க்கும் ஆறு மணி நேர வித்தியாசம், அங்க சாயங்காலம் ஏழுன்னா எனக்கு நடுராத்திரி ஒரு மணி, ஊர்ல காலைல பத்தரை. அதாவது நான் வேலைய ஆரம்பிக்கிற நேரமும் அம்மா சமையல் முடிச்சு ஃபோனோட உக்கார்ற நேரமும் ஒண்ணு. "என்னடா இன்னும் தூங்கலையா"ன்னு கேப்பாங்க, இல்லம்மா இப்பதான் சூரியன் அஸ்தமிச்சுதுன்னு சொன்னா லூசாடா நீன்னு வெச்சுடுவாங்க. வந்த புதுசுல நான் அதிகமா பேசினது பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இல்ல, டெலஸ்கோப் ஆபரேட்டர்கிட்டதான், வெறும் குரல் மட்டும். ஈரப்பதம் ஏறுது, மூடுறேன்னு அவர் சொல்லிட்டா முடிஞ்சுது, அப்பீலே கிடையாது, மாசக்கணக்கா காத்திருந்து வாங்கின ராத்திரியா இருந்தாலும்.

டெலஸ்கோப்ப குறி தவறாம வெச்சுக்கிற கைடர் கேமராவுக்கு கைட்டாக் (வழிகாட்டி நாய்)னு பேரு, ஸ்பெக்ட்ரம் எடுக்கிறதுக்கு பிக்டாக் (பெரிய நாய்), பேரு வெச்ச மகராசன் வாழ்க. டெலஸ்கோப்ப ஆஸ்டிராய்டு இருக்குற வானப் பகுதிக்குத் திருப்பினா முதல்ல எல்லாமே ஒரே மாதிரி புள்ளிதான், எது நம்முதுன்னே தெரியாது. ஆஸ்டிராய்டோட வேகத்துக்கு டெலஸ்கோப்ப நகர விட்டா கொஞ்ச நேரத்துல நட்சத்திரம் எல்லாம் கோடு இழுக்கும், நம்ம ஆளு மட்டும் அசையாம நிப்பான். அவனப் பிடிச்சு ஸ்லிட்டுங்கிற குறுகலான திறப்புக்குள்ள போட்டு, ஸ்லிட்டோட ஒரு முனைல ஒரு எக்ஸ்போஷர், மறு முனைல ஒண்ணு, ஒண்ணுலருந்து ஒண்ண கழிச்சா வானத்தோட சொந்த வெளிச்சம் போயிடும். அப்புறம் பக்கத்துலயே சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தையும் எடுத்து அதால வகுக்கணும், இல்லன்னா நாம பாத்தது கல்லோட நிறமா சூரியனோட நிறமா நம்ம காத்துல இருக்குற நீராவியான்னு பிரிக்கவே முடியாது. 1.4, 1.9 மைக்ரான் பக்கம் இந்த நீராவி பண்ற அழிச்சாட்டியம் இருக்கே, சொல்லி மாளாது. 2.5க்கு மேல 2.85 வரைக்கும் தரையிலருந்து ஒண்ணுமே தெரியாது, தண்ணி சேர்ந்த கனிமத்தோட முக்கியமான அடையாளம் 2.7லதான் உக்காந்திருக்கு, என்ன பண்றது. ரியூகு, பென்னுங்கிற ஆஸ்டிராய்டு ரெண்டுலயும் விண்கலம் போய்த்தான் அதப் பாத்துச்சு.

தரையிலருந்து பாக்குறது என்ன பெரிய சயின்ஸுன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இடோகாவாங்கிற ஆஸ்டிராய்டோட கதை. பூமில விழுற கல்லுல பெரும்பாலானது ஆர்டினரி காண்ட்ரைட்டுங்கிற விண்கல் வகை, ஆனா மேல விண்வெளில எஸ் டைப்னு சொல்ற ஆஸ்டிராய்டு வகையோட ஸ்பெக்ட்ரம் அதோட சரியா ஒத்துப்போகாம சிவந்து, பள்ளம் மழுங்கி இருக்கும். சூரியக்காத்தும் குட்டிக்குட்டி தூசியும் அடிச்சு அடிச்சு மேல்தோல் மாறிடுதுன்னு ஒரு கட்சி, ரெண்டும் வேற வேற கல்லுன்னு இன்னொரு கட்சி, பல வருஷ சண்டை. 2001ல எம்ஐடி ரிச்சர்ட் பின்செல் குழு டெலஸ்கோப் ஸ்பெக்ட்ரத்த வெச்சே இடோகாவா எல்எல் காண்ட்ரைட் (ஆர்டினரி காண்ட்ரைட்லயே ஒரு பிரிவு) மாதிரி, வெயில்ல சிவந்துபோனதுன்னு எழுதினாங்க. ஜப்பானோட ஹயபுசா விண்கலம் 2003ல கிளம்பி 2010ல தூசித் துகள்களோட திரும்பி வந்துச்சு, 2011ல ரிசல்ட் வந்தப்ப அதேதான், எல்எல். இத நினைக்கும்போதெல்லாம் காரிடார்ல நின்ன கடுப்பு பாதி இறங்கிடும், ஏன்னா அந்த வெளிச்சத்துக்கு பாஸ்போர்ட் கேக்குற வழக்கம் இல்ல. பழைய ஸ்பெக்ட்ரம், லேப்ல அளந்த விண்கல் டேட்டா நிறைய பப்ளிக்கா கிடக்கு, ஊர்ல உக்காந்துகிட்டே இறக்கலாம். இங்க வரணும்னு கனவு காண்ற பசங்க அதுலருந்து ஆரம்பிங்க, இன்டர்வியூல அது பேசும்.

இப்ப என் ஆராய்ச்சிப் பேப்பர், அத சரிபாக்குற ரெஃப்ரீகிட்டருந்து திரும்பி வந்திருக்கு, 3 மைக்ரான் டேட்டா இல்லாம தண்ணி பத்தி பேசாதீங்கன்னு எழுதியிருக்கார், நியாயமான பேச்சுதான். டெலஸ்கோப்போட அடுத்த ஆறு மாச செமஸ்டருக்கு ராத்திரி கேட்டு ப்ரொபோசல் போடணும், பிப்ரவரிலருந்து ஜூலைக்குள்ள அந்தக் கல்லு நல்லா தெரியுற வாரம் ரொம்பக் கம்மி, விசா ரினியூவலும் அதே சமயத்துலதான் வருது.