குரோமியா, எச்.எஃப்., ஒரு கணக்கு: குளிர்பதன ஆய்வில் கடந்து வந்தது

என் முனைவர் பட்ட ஆய்வு முழுக்க ஒரே ஒரு வினையைச் சுற்றித்தான். எச்.எஃப்.சி.-245எஃப்ஏ என்ற பொருளிலிருந்து ஒரு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு மூலக்கூறைக் கழற்றிவிட்டால் எச்.எஃப்.ஓ.-1234இசட்இ என்ற புதிய தலைமுறைக் குளிர்பதன வாயு கிடைக்கும். காகிதத்தில் எழுதினால் ஒரு வரி. அதை ஒரு குழாய்க்குள் வாரக்கணக்கில் தளராமல் நடக்க வைப்பதும், நடந்தது என்று கணக்கோடு காட்டுவதும்தான் பாடு. இந்தத் துறைக்குள் இப்போது வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளோரின் கொண்ட பழைய குளிர்பதன வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதையும் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் அந்த ஒப்பந்தத்தில் திருத்தம் செய்தார்கள். 1234இசட்இ போன்றவற்றில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. காற்றில் உள்ள ஹைட்ராக்சில் அங்கேதான் தாக்கும், மூலக்கூறு சில வாரங்களிலேயே உடைந்துவிடும். அதனால் அதன் வெப்பமாக்கும் மதிப்பு (கார்பன் டை ஆக்சைடு ஒன்று என்ற கணக்கில்) ஒன்றை ஒட்டித்தான். சுலபமாக உடைவது லேசாகத் தீப்பற்றவும் செய்யும். அதனால் இவற்றை ஏ2எல், அதாவது நச்சு குறைவு, லேசாகத் தீப்பற்றும் என்ற வகுப்பில் வைத்திருக்கிறார்கள்.

வினையூக்கி, இந்தத் தொழிலின் பழைய குதிரையான குரோமியா, அதாவது குரோமியம் ஆக்சைடு. குரோமியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சாம்பல் கலந்த பச்சைக் கூழ் திரளும். வடிகட்டப் போட்டால் இறங்கவே இறங்காது. கழுவி, உலர்த்தினால் கறுத்த கண்ணாடிச் சில்லுகளாக வெடித்துக் கிடக்கும். அப்புறம் நைட்ரஜனில் சுட வேண்டும், இதில்தான் கவனம். 400 டிகிரியை நெருங்கும்போது ஒழுங்கற்ற குரோமியா திடீரென்று படிகமாகிவிடும். அப்போது அதுவே வெப்பத்தை வெளிவிட்டு இன்னும் சூடேறும். அடுப்பைத் திறந்தால் நிறமே சொல்லிவிடும். கறுப்புக்குப் பக்கத்திலான பச்சை என்றால் நல்லது. பெயின்ட் டப்பா போலப் பளிச்சென்ற பச்சை என்றால் பரப்பளவு போய்விட்டது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். பரப்பளவைக் காட்டும் பி.இ.டி. அளவீட்டுக்கு அனுப்பும் முன்பே எங்களுக்கு முடிவு தெரிந்திருக்கும்.

இது இன்னும் வினையூக்கி ஆகவில்லை. குரோமியாவின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும் இடங்களில் ஓரளவு ஃப்ளோரினை ஏற்றினால்தான் வேலை செய்யும். அதற்கு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, லேப் பேச்சில் எச்.எஃப். வெறும் 19.5 டிகிரியில் கொதிக்கும், கண்ணாடியைத் தின்னும். தோலில் பட்டால், நீர்த்ததாக இருந்தால், உடனே வலிக்காது. வலி தெரியும்போது அது உள்ளே போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், இதயத் துடிப்பையே குலைக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கை எட்டும் தூரத்தில், தேதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். தனியாக வேலை செய்யக் கூடாது. எங்கள் லேபில் இந்த இரண்டிலும் யாருக்கும் விலக்கு கிடையாது, கைடு உட்பட.

குழாய் நிக்கல் கலப்பு உலோகம். கண்ணாடி, குவார்ட்ஸ் இரண்டும் உதவாது. நைட்ரஜனில் மிகவும் நீர்த்து எச்.எஃப். விட ஆரம்பித்தால், வினையூக்கிப் படுகையில் செருகியிருக்கும் தெர்மோகப்பிள்கள் (வெப்பம் அளக்கும் கம்பிகள்) ஒவ்வொன்றாக உயிர்பெறும். மேலே இருப்பது ஏறி இறங்கும், அப்புறம் நடுவில் இருப்பது, கடைசியில் அடியில் இருப்பது. அந்தச் சூட்டு அலை கீழ் முனையைத் தாண்டும்வரை எச்.எஃப். அளவைக் கூட்டக் கூடாது. கூட்டினால் உள்ளேயே படிகமாகிவிடும், கூழிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். அலை போன பின்னும் வெளிவரும் வாயுவில் நீர் வந்துகொண்டே இருக்கும். ஆக்சைடு ஃப்ளோரைடாக மாறுவதன் கழிவு அது. ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெளியேறும் எச்.எஃப்.-ஐக் காரக் கரைசலில் பிடிக்க வேண்டும். “சோடா வேண்டாம், பொட்டாஷ் போடு” என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார்; சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டாம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடு என்று பொருள். சோடியம் ஃப்ளோரைடு தண்ணீரில் அதிகம் கரையாது, குழாய் முனையில் படிந்து அடைத்துவிடும். பொட்டாசியம் ஃப்ளோரைடு தாராளமாகக் கரையும். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இதற்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்காது. பாட்டிலும் பிளாஸ்டிக்தான்.

வினை 300 டிகிரியை ஒட்டி ஓடியது. முதல் மணி நேரத்தில் வரும் மாற்ற விகிதம், அதாவது உள்ளே விட்டதில் எத்தனை பங்கு வினைப்பட்டது என்ற எண், எப்போதும் அழகாக இருக்கும். கருத்தரங்கங்களில் ஆளாளுக்கு அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதை அச்சிடுவதையே தடை செய்யலாம். புது வினையூக்கி சில பொருள்களைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வரவில்லை என்பதற்காக, அது நாம் கேட்ட பொருளாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது.

அதனால் கணக்கு. வெளிவரும் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் இரண்டு சிக்கல். தீச்சுடர் டிடெக்டருக்கு ஃப்ளோரின் நிறைந்த கார்பன் சரியாகத் தெரியாது, பீக்கின் பரப்பை அப்படியே மோல் விகிதம் என்று எடுத்தால் தப்பு; ஒவ்வொரு பொருளுக்கும் தெரிந்த அளவுகளை வைத்துத் தனியாக அளவுக்கோடு போட வேண்டும். இன்னொன்று, 1234இசட்இ இரண்டு வடிவில் வரும்; அணுக்கள் அதே, இரட்டைப் பிணைப்பைச் சுற்றிய அடுக்கு மட்டும் வேறு. ஈ வடிவம் மைனஸ் 19 டிகிரியில் கொதிக்கும், குளிர்பதனத்துக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். இசட் வடிவம் 10 டிகிரிக்குப் பக்கத்தில், மூலப்பொருளான 245எஃப்ஏ 15 டிகிரியில். இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வெளியே வரும். அடுப்பைக் குறைந்த வெப்பத்தில் தொடங்கி மிக மெதுவாக ஏற்றித்தான் பிரித்தேன்.

அதற்கு மேல் ஒரு சரிபார்ப்பு உண்டு, இதை விடவே கூடாது. ஒரு மூலக்கூறு 1234இசட்இ உருவானால் ஒரு மூலக்கூறு எச்.எஃப். வந்தே ஆக வேண்டும். பொட்டாஷ் பாட்டிலில் உள்ள ஃப்ளோரைடை மின்முனை வைத்து அளந்து, குரோமட்டோகிராஃப் சொல்வதோடு ஒப்பிட்டால் பொய் தெரிந்துவிடும். காரக் கரைசலை அப்படியே அளக்கக் கூடாது, ஹைட்ராக்சைடையும் மின்முனை ஃப்ளோரைடு என்று எண்ணும். நடுநிலைக்குக் கொண்டுவந்து பஃபர் சேர்க்க வேண்டும். ஆரம்ப ஓட்டங்களில் ஃப்ளோரைடு குறைந்தே வந்தது. ஒழுகலா என்று பைப்பை எல்லாம் சோதித்தோம். ஒழுகல் இல்லை, எச்.எஃப். இன்னும் குரோமியாவுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. இரு கணக்கும் ஒட்டிவரத் தொடங்கிய பிறகு வந்த எண்களை மட்டுமே ஆய்வேட்டில் சேர்த்தேன்.

அப்போது அடுத்த தலைவலி: செயல்திறன் மெல்ல இறங்கியது. காரணம் கரிப் படிவா, படிகமாதலா? பயன்படுத்திய மாதிரியை ஆக்சிஜன் கலந்த வாயுவில் சூடேற்றினால் கார்பன் டை ஆக்சைடு வந்தது, ஆக கரி இருக்கிறது. எக்ஸ்-கதிர் படத்தில் கோடுகள் கூர்மையாகவில்லை, ஆக படிகமாதல் பெரிதாக இல்லை. சரி, காற்று விட்டு எரித்துவிடலாம் என்றால் அதிலும் விலை உண்டு. காற்று பட்டால் கொஞ்சம் குரோமியம் ஆறு இணைதிற நிலைக்குப் போகும். அது புற்றுநோய் உண்டாக்கும்; போதாததற்கு எச்.எஃப். பட்டால் ஆவியாகிக் கிளம்பிவிடக்கூடிய சேர்மமாகும். ஒவ்வொரு முறை கரியை எரிக்கும்போதும் வினையூக்கியே கொஞ்சம் கரைகிறது என்று பொருள். நீர்த்த காற்று, குறைந்த வெப்பம், எரித்தபின் நீண்ட நேரம் நைட்ரஜன் என்று ஒரு வழிக்குக் கொண்டுவந்தோம். நேர்கோடு இல்லை, ஆனால் சரிவு பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது.

வாய்மொழித் தேர்வில் இதையெல்லாம் யாரும் துருவவில்லை. “உங்கள் வாயுவே நாளைக்குத் தடையானால்?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. இதன் தம்பியான 1234ஒய்எஃப் காற்றில் சிதைந்து ஏறக்குறைய முழுவதும் ட்ரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலமாகிறது, அது தண்ணீரில் சேர்ந்து அழியாமல் கிடக்கும். 2023-இல் ஐரோப்பாவில் ஐந்து நாடுகள் முன்வைத்த பி.எஃப்.ஏ.எஸ். (எளிதில் அழியாத ஃப்ளோரின் சேர்மங்கள்) தடை முன்மொழிவின் வரையறைக்குள் இந்த வகையும் வருகிறது. புரொப்பேன், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு பொருந்தும் இடங்களில் அவற்றையே போடலாம் என்றுதான் பதில் சொன்னேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று தீப்பிடிக்கும், ஒன்று நச்சு, ஒன்றுக்கு அழுத்தம் அதிகம். மூன்றும் ஒத்துவராத இயந்திரங்கள் மிச்சமிருக்கும்வரை இந்தக் குழாயும் ஓடும்.

இப்போது அதே ரியாக்டரில் அடுத்து வந்தவர் குரோமியத்தை விட்டுவிட்டு அலுமினியம் ஃப்ளோரைடில் முயல்கிறார். பெர்லினில் எர்ஹார்ட் கெம்னிட்ஸ் குழு 2003-இல் காட்டிய, பரப்பளவு மிக அதிகமான அந்த வகையை வைத்து. போன வாரம் முதல் ஓட்டத்தின் வரைபடத்தை உற்சாகமாக அனுப்பியிருந்தார். பாராட்டிவிட்டு, பொட்டாஷ் பாட்டிலில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.